கொஞ்சம் சந்தோஷமா வாசிங்க

"எப்ப எடுக்கறாங்க?"

தேவாலய வாசலில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வீராயியிடம் ஒருவர் தணிந்த குரலில் கேட்டார். கையில் ரோஜா மாலை இருந்தது. முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஏற்கெனவே மாற்றிக்கொண்டிருந்தார்.

"எத்த எடுக்கறாங்க?" என்றாள் வீராயி.

"பாடியத்தான். யாரு தவறிட்டாங்க? நான் பெண்ணாடம். பஸ்ஸுக்குப் போய்க்கிட்டு இருந்தேன், பாட்டு கேட்டிச்சி. தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாம்னு மால வாங்கியாந்தேன்."

"யாரும் தவறலீங்க. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சிருக்குது. எல்லாரும் சந்தோசமா வூட்டுக்குப் போங்கன்னு வாசிக்கிற பாட்டு அது."

பெண்ணாடத்துக்காரர் தலையைச் சாய்த்து இன்னொரு முறை கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

உள்ளே சாமிதுரைக்கு இது எதுவும் தெரியாது. அவர் பீடத்தைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்தின் அந்தச் சிறிய சபையில் அவர் வாசிக்கும் வாத்தியத்துக்குப் பெயர் ஆர்கன். உண்மையான ஆர்கனை, காலால் மிதித்துக் காற்றடைக்கும் பழைய மரப்பெட்டியை, எலிகள் எப்போதோ தின்று முடித்திருந்தன. இப்போது இருப்பது கீபோர்டு. ஆனால் சபையார் "ஆர்கன்" என்றுதான் சொல்வார்கள். சாமிதுரை "ஆர்கன்காரர்". வார நாளில் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்கு அச்சு வார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, நக இடுக்கில் மிச்சமிருக்கும் வெள்ளை மண்ணோடு வந்து உட்காருவார்.

பாடல்களுக்கு வாசிப்பது அவருக்குக் கடமை. கடைசி ஆசீர்வாதம் முடிந்து, ஜனங்கள் எழுந்து வெளியே போகும்போது வாசிக்கும் நிறைவுப் பாட்டுதான் அவருக்குச் சொத்து. அதற்கு வார்த்தைகள் கிடையாது. ஒரு துள்ளலான மெட்டு மட்டும். அதை வாசிக்கும்போது அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆரவாரம் எழும். பேச்சு, சிரிப்பு, மறுபடி சிரிப்பு. ஜனங்கள் தன் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள் என்ற நினைப்பில் அவர் இன்னொரு சுற்று வாசிப்பார். எல்லாம் மூடி, துணி போர்த்திவிட்டு வெளியே வரும்போது மனைவி கமலம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். "இன்னிக்கு நல்லா வாசிச்சீங்க" என்பாள். எல்லா வாரமும் அதையேதான் சொல்வாள்.

மாசி மாதம் கமலம் இறந்துபோனாள். காலையில் மூச்சு வாங்குகிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு சாமிதுரை அதே பாட்டைத்தான் வாசிக்கிறார். பின்னால் ஆரவாரம் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அன்று போதகர் தங்கராசு கேட்டில் தொங்கிய மாலையைப் பார்த்தார். வீராயியிடம் விசாரித்தார். பிறகு மெதுவாக உள்ளே வந்தார்.

"சாமிதுரைண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நிறைவுப் பாட்ட கொஞ்சம் சந்தோஷமா வாசிங்க."

"அதே பாட்டுதான் பாஸ்டர்."

"பாட்டு அதேதாண்ணே. ஆனா உங்க விரல்ல துக்கம் இருக்குது. சபையில நாலு பேரு சொல்லிட்டாங்க. உங்கமேல கோவமில்ல. மனுசன்னா இருக்கத்தான் செய்யும். வேணும்னா ஒரு ரெண்டு மாசம் ரெஸ்ட்டு எடுங்களேன்."

"வேணாம் பாஸ்டர்" என்றார் சாமிதுரை அவசரமாக. "சரி பண்ணிடறேன்."

ரெஸ்ட் எடுத்தால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் அவருக்கு இன்னும் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடத் தெரியவில்லை. மிஞ்சிய சோற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வைத்தார். அன்று மாலை சாப்பாட்டு மேசைமேல் கையை வைத்து, கீபோர்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார். எந்த விரலில் துக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லா விரலும் ஒன்று போலத்தான் இருந்தன.

மறுநாள் கம்பெனியில் சூளைக்காரர் கலியமூர்த்தியிடம் சொன்னார். கலியமூர்த்திக்குத் தேவாலயமும் தெரியாது, ஆர்கனும் தெரியாது. அதனால் யோசனை உடனே வந்தது.

"இதுல என்னாய்யா கீது? சோகப் பாட்டுன்னா மெதுவா போவும். சந்தோசப் பாட்டுன்னா வேகமா போவும். நீ வேகமா வாசி."

"எவ்ளோ வேகமா?"

"சோகம் வந்து ஒட்டறதுக்குள்ள முடிச்சிடு."

அடுத்த ஞாயிறு சாமிதுரை வேகமாக வாசித்தார். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவர் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஜனங்கள் இவ்வளவு காலமும் தங்களுக்கே தெரியாமல் பாட்டின் வேகத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். அன்றும் நடந்தார்கள். முன்வரிசை நடுவரிசையில் மோதியது. நடுவரிசை வாசலில் மாட்டிக்கொண்டது. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு அம்மா பைபிளையும் குடையையும் விட்டுவிட்டுப் பேரனை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வெளியே செருப்புகள் கலைந்தன. "ஒரே நேரத்துல வராதீங்க! ஒரே நேரத்துல வராதீங்க!" என்று வீராயி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள். யாரும் கேட்கவில்லை. சபைச் செயலாளர் நல்லமுத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவருடைய இரண்டு காலிலும் இடது கால் செருப்பு இருந்தது. அதில் ஒன்று அவருடையதே இல்லை.

நல்லமுத்து சாயங்காலமே போதகரிடம் வந்தார். இரண்டு செருப்பையும் மேசைமேல் வைக்கப் போய், பைபிள் இருப்பதைப் பார்த்துத் தரையில் வைத்தார்.

"பாஸ்டர், வர்ற மாசம் என் பொண்ணு கல்யாணம். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. இந்தாளு மெதுவா வாசிச்சா எழவு. வேகமா வாசிச்சா கலவரம். நெய்வேலியில ஒருத்தன் நல்லா வாசிக்கிறானாம். நான் கூட்டியாந்துடறேன்."

"ஒரு வாரம் பொறுங்க" என்றார் போதகர்.

சாமிதுரை இந்த முறை நந்தகுமாரிடம் போனார். நந்தகுமார் சபைக்கு மைக் செட் பார்ப்பவன். ரயில்வே ஜங்ஷன் ரோட்டில் ரேடியோ, ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"அண்ணே, உங்க ஆர்கன்லயே தாளம் இருக்குது. ஒரு பட்டன அமுக்குனா டிரம்ஸ் கூடவே வாசிக்கும். இத்தினி வருசமா அத்த நீங்க தொட்டதே இல்ல."

"எதுக்கு அதெல்லாம்னு வுட்டுட்டேன்."

"தாளம் இருந்தா சோகம் கிட்டவே வராது. இந்தா, இந்தப் பட்டன். இதுக்குப் பக்கத்துல இருக்கறத மட்டும் தொட்டுடாதீங்க."

ஞாயிறு வந்தது. போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். சபை தலை குனிந்தது. ஆசீர்வாதத்துக்கு முன்னால் வரும் அந்த முழு அமைதியில், தயாராக இருக்கலாமே என்று கையை நீட்டிய சாமிதுரையின் சட்டைக் கை, நந்தகுமார் தொடாதே என்று சொன்ன பட்டனில் பட்டது.

டண்டணக்க டண்டணக்க டண்டணக்க.

சாமிதுரை பட்டனை மறுபடி அமுக்கினார். வேகம் கூடியது. இன்னொன்றை அமுக்கினார். கூடவே கைதட்டல் சேர்ந்தது. பாதி ஜெபத்தில் நிறுத்தக் கூடாது என்பதால் போதகர் ஆசீர்வாதத்தைத் தொடர்ந்தார். எவ்வளவு கட்டுப்படுத்தியும் உயர்த்திய கைகள் தாளத்துக்குக் கொஞ்சம் ஆடின. "ஆமென்" சரியாகத் தாளத்தின் அடியில் வந்து விழுந்தது.

வேறு வழியில்லாமல் சாமிதுரை அந்தத் தாளத்தின் மேலேயே நிறைவுப் பாட்டை வாசித்தார். முதுகுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்தபோது நல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். இந்த முறை அவர் கோபப்படக்கூட இல்லை.

"சாமிதுரை, இத்தினி நாளும் மேளம் இல்லாம எடுத்தாங்க. இன்னிக்கு மேளத்தோட எடுத்துட்டாங்க. அவ்ளோதான்யா வித்தியாசம்."

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டார். நல்லமுத்து சொன்னது அவருக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நெய்வேலிக்காரன் வாசிக்கட்டும். நீ வா. பந்தியில உக்காரு. சாப்புடு. தப்பா நெனச்சிக்காத."

"நானே அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்" என்றார் சாமிதுரை.

அவர் வண்டியை எடுக்கும்போது பின்னாலிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. நல்லமுத்துவின் மகள் மோகனப்பிரியா. கல்யாணப் பெண்.

"மாமா, நெய்வேலிக்காரரு வேணாம். நீங்கதான் வாசிக்கணும். அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என் கையி சரியில்லம்மா."

"எனக்குத் தெரியாது மாமா. சண்டே கிளாஸ்ல கமலம் அத்த எங்கிட்ட என்னா சொல்லும் தெரியுமா? 'ஒங்கல்யாணத்துக்கு எங்கூட்டுக்காரரு வாசிக்கிற வாசிப்புல ஒம்மாப்புள ஆடிக்கிட்டேதான் வெளிய வரணும்'னு சொல்லும். அத்ததான் இல்ல. நீங்களும் இல்லன்னா எப்படி?"

சாமிதுரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார். கண் சரியாகத் தெரியவில்லை. கமலம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் காப்பாற்ற வேண்டிய விரல்கள் இவருடையவை. அவை இப்போது எதைத் தொட்டாலும் சாவாகிறது. அவள் இவ்வளவு காலம் கேட்டு மெச்சிய அந்தச் சந்தோஷத்தை அவளோடேயே புதைத்துவிட்டோம் என்று நினைத்தபோது, இரண்டாம் முறை அவளை இழந்தது போல இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக நந்தகுமார் கடைக்குப் போனார்.

"தம்பி, நான் முன்னாடி வாசிச்சது எதுனா பதிவு பண்ணி வச்சிருக்கியா? கமலம் இருக்கச்ச வாசிச்சது."

நந்தகுமார் கம்ப்யூட்டரில் தேடினான். "போன வருசத்து ஈஸ்டர் இருக்குதுண்ணே. மைக்குல புடிச்சது இல்ல. ஆர்கன்லேருந்து ஒயரு போட்டு நேரா புடிச்சது. வெளிச் சத்தம் ஒண்ணுமில்லாம சுத்தமா இருக்கும். போடட்டுமா, கேக்கறீங்களா?"

சாமிதுரைக்கு அந்த ஈஸ்டர் நன்றாக நினைவிருந்தது. பின்னால் எழுந்த சிரிப்பில் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்த நாள். நல்லமுத்து தோளைத் தட்டி, "உன் பாட்டக் கேட்டா காலு தரையில நிக்கலய்யா" என்று சொன்ன நாள்.

"வேணாம். இங்க உக்காந்து கேட்டா என்னால தாங்க முடியாது" என்றார். "கல்யாணத்தன்னிக்கு அதயே போட்டுடு. நான் ஆர்கன ஆஃப் பண்ணிட்டு சும்மா விரல ஆட்டறேன்."

"அண்ணே, தேவாலயத்துல ஏமாத்தறதா?"

"ஏமாத்து இல்லப்பா. நான் வாசிச்சதுதான. அப்ப வாசிச்சத இப்பக் குடுக்கறேன். அவ்ளோதான்."

நந்தகுமார் அரை மனதாகச் சரி என்றான்.

கல்யாணத்தன்று தேவாலயம் நிறைந்திருந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். வீராயி அன்று விசேஷமாகச் செருப்புகளைப் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாள். கலியமூர்த்தியும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டியாகிவிட்டது. ஆசீர்வாதம் முடிந்தது. மோகனப்பிரியாவும் மாப்பிள்ளையும் கை கோத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார்கள். சாமிதுரை தூணுக்குப் பக்கத்தில் இருந்த நந்தகுமாரைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்பீக்கரில் பாட்டு கிளம்பியது.

சாமிதுரையின் விரல்கள் ஊமைக் கட்டைகள்மேல் ஓடின. அவர் காத்திருந்தார். போன வருஷத்துச் சந்தோஷம் இப்போது வரும். முதல் வரி போனது. இரண்டாவது போனது. பட்டுப்புடவைகள் உரசும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை சிணுங்கியது. காலடிகள் கேட்டன. அவ்வளவுதான்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது, கமலம் போன பிறகு வாராவாரம் அவர் வாசித்ததேதான். அதே வேகம். அதே அழுத்தம். இரண்டாவது சுற்றில் வழக்கமாக இழுக்கும் இடத்தில் அதே இழுப்பு. எந்தத் துக்கமும் தெரியாமல் இருந்தபோது வாசித்த பாட்டு, இறுதி ஊர்வலம் போல தேவாலயத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்தது.

சாமிதுரைக்கு எதுவும் புரியவில்லை. கண்கள் நிறைந்து வழிந்தன. எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து, இரண்டு கைகளையும் தூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர் கலியமூர்த்தி. "யோவ், கைய எடுத்துட்டான், அது தன்னால வாசிக்குதுய்யா!" என்று அவர் சொன்னது அந்த அமைதியில் கடைசி வரிசை வரை கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நந்தகுமார் பதறிப்போய் சுவிட்சை அணைத்தான். ஆர்கன்காரர் அழுவது மட்டும் கேட்டது.

வாசலில் நல்லமுத்து சாமிதுரையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு கல்யாணத்துலயும் இப்படிப் பண்ணிட்டியேய்யா. எழவுப் பாட்டு வாசிச்ச, சரி. அதயும் நீ வாசிக்காம எவன் வாசிச்சதையோ போட்டு ஏமாத்திட்டியே!"

"எவனும் இல்லீங்க" என்றான் நந்தகுமார். "அவரு வாசிச்சதுதான். போன வருசத்து ஈஸ்டரு. காலு தரையில நிக்கலன்னு நீங்களே சொன்னீங்களே, அதே பாட்டு. ஒரு இடத்துலயும் கை வைக்கல. வேணும்னா தேதிய பாத்துக்குங்க."

நல்லமுத்துவின் குரல் இறங்கியது. "அன்னிக்கு இப்படி இல்லய்யா" என்றார். "அன்னிக்கு நான் வூடு போயிச் சேர்ற வரைக்கும் சிரிச்சிக்கிட்டே போனேன்."

"ஆமா பாஸ்டர்" என்றார் சாமிதுரை, அங்கே வந்து நின்ற போதகரிடம். "எனக்குப் பின்னால சிரிப்புச் சத்தம் கேட்டிச்சி. பொய் சொல்லல. எங்காதால கேட்டேன்."

போதகர் தங்கராசு அங்கியின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டே ஒருவரையும் பார்க்காமல் கேட்டார். "பாட்டு ஒண்ணேதான்னா, அன்னிக்கு நமக்கு அந்தச் சந்தோசம் எங்கேருந்துதான் வந்திச்சி?"

மணப்பெண் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு சாமிதுரையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

வீராயி கீழே குனிந்து, அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து ஜோடி சேர்த்து வைத்தாள்.

"கடைசி செபம் முடியறதுக்குள்ள கமலம் அக்கா ஓடியாந்து இந்தா, இந்தப் படியில நின்னுக்கும். வெளிய வர்ற ஒரு ஆள வுடாது. ஒருத்தரு வழுக்கைய, ஒருத்தரு மாமியார, ஒருத்தரு புதுச் சட்டைய, எதயாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சித்தான் கீழ எறக்கும்" என்றாள். "அத்தத்தான் இத்தினி வருசமா நீங்கல்லாம் பாட்டுன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."